வாயை ஊதச் சொன்னேன்

நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். போன வருஷம், ஃபிட்டரான என் கணவரின் குரல் தணிந்து, பேச்சு குழறத் தொடங்கியது. கூட வேலை பார்ப்பவர் என்னிடம், "அண்ணாத்தே தண்ணி போட்டுகினு வர்றாருன்னு பேசிக்கிறாங்கம்மா" என்றார். நானும் நம்பி, அவர் வீடு வந்ததும் வாயை ஊதச் சொன்னேன். மறுக்காமல் ஊதினார். வாடையே இல்லை. "நாக்கு சொன்னபடி கேக்கமாட்டேங்குது சரோஜா" என்று கண் கலங்கினார்.

வெட்கமும் பயமுமாக மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பேச்சையும் பாதிக்கும் நடுக்குவாதத்தின் ஆரம்பம் என்று கண்டறிந்த டாக்டர், மாத்திரை கொடுத்து, தினமும் உரக்க வாசித்துப் பழகவும் சொன்னார்.

இப்போதெல்லாம் அவர் பேச வாயெடுத்தால், இரைகிற பம்ப் ஸ்டவ்வை அணைத்துவிட்டு, முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்கிறேன். நேற்று அணைக்கப் போனபோது, "எரிய வுடு, எனக்கு சத்தமாவே பேச வருது" என்று சிரித்தார்.