வெட்டுக்கிளிக்கு வைத்த பெயர்

இறக்கை முளைக்காத வெட்டுக்கிளிக்கு அறிவியலில் நிம்ஃப் என்று பெயர். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு மணப்பெண் என்று பொருள். வைத்தவன் எவனோ, அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று இந்த வயதிலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அக்கா அப்போது வாடிப்பட்டியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். விலங்கியல் என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். கடலைக்காட்டில் பிடித்த வெட்டுக்கிளிக் குஞ்சு ஒன்றை ஊறுகாய் பாட்டிலில் விட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு வளர்த்தாள். அருகம்புல் பறித்துப் போடுவது என் வேலை. இன்னும் ஒருமுறை தோலுரித்தால் இறக்கை வந்துவிடும், அதுவரை பொறுக்க வேண்டும் என்பாள்.

பொறுக்காதவர் மாமா. அம்மாவின் தம்பி, ஒத்தக்கடையில் சிமெண்டுக் கடை. அக்கா பிறந்தபோதே அவருக்கென்று பேசி வைத்தாயிற்றாம். பரீட்சை மட்டும் எழுதிவிடுகிறேன் என்று அக்கா கேட்டாள், அந்த ஒன்றைத்தான் கேட்டாள். மாசியிலேயே முகூர்த்தம் குறித்துவிட வேண்டும் என்று வெற்றிலைத் தட்டோடு அவர் வந்து உட்கார்ந்திருந்த சாயங்காலம், பாட்டிலைக் காட்டி என்னிடம் அந்தச் சொல்லின் பொருளைச் சொன்னாள் அக்கா. கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "றெக்கையே முளைக்கல, அதுக்குள்ள என்ன கல்யாணப் பொண்ணு?" என்றேன்.

மாமாதான் முதலில் சிரித்தார்.

"முளைச்சா பறந்துரும்ல, மாப்ள."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னையும் ஒரு ஆளாக மதித்துப் பதில் சொன்னாரே என்று நானும் சிரித்தேன். அக்கா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்து அவள் ஒத்தக்கடைக்குப் போன சில நாளில், ஒரு காலை, பாட்டிலுக்குள் வெறும் தோல் ஒரு பக்கம் தொங்கியது. ஈரம் காயாத இறக்கைகளோடு வெட்டுக்கிளி ஒரு பக்கம். அம்மாவை நச்சரித்துக் கிளப்பி, பஸ் நெரிசலில் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய் வாசலில் நின்ற அக்காவிடம் நீட்டினேன். வாங்கினாள். பார்க்கவில்லை. எதிரே பஸ்ஸுக்கு நின்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையே பார்த்தபடி, "பரீட்சை ஆரம்பிச்சிருச்சாடா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அம்புட்டுத் தூரம் சுமந்து வந்திருக்கிறேன், முளைத்த இறக்கையை ஒருதரம் பார்க்க மனமில்லையே இவளுக்கு! திரும்பும் பஸ்ஸில் வாடிப்பட்டி வரைக்கும் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன். அம்மா ஏன் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.