மருந்துக்குக் காற்று, மகளுக்குத் தூக்கம்

சுகமில்லாத பிள்ளைக்கு முதலில் வேண்டியது எது — தூக்கமா, மருந்தா?

இரண்டும்தான் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், வடகடல் கரையில் ஒரு காற்றாடி வந்து இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடு என்று சொல்லும் வரை.

போன மாதம், விடுமுறைக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் மூன்று வயது மகளுக்குக் காதுக்குள் குத்து. டொக்டர் ஒரு போத்தல் பாணி மருந்து எழுதித் தந்தார். பத்து நாள், காலையும் மாலையும், இடையில் விடக் கூடாது, குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். பயணத்தை நிறுத்துவோமா என்று கணவரைக் கேட்டேன்.

"பெட்டிதானே வேணும்? எங்கட வண்டியிலயும் இருக்கு. அங்க கடற்கரை, காத்துக்கு என்ன பஞ்சம்?"

அவர் ஜெர்மனியில், நாங்கள் இருக்கும் எசன் நகரில் மின்சார வேலை செய்பவர். எங்களிடம் ஒரு பழைய வோன்மொபில் இருக்கிறது — உள்ளேயே சமைத்து, படுத்து எழும்பும் வண்டி. வாங்கும்போது அதில் காஸில் ஓடும் குளிர்பெட்டி இருந்தது. பிள்ளை படுக்கிற இடத்தில் காஸா? நான் விடவில்லை. அவர் அதைக் கழற்றிவிட்டு, பற்றரியில் ஓடும் பெட்டியை அந்த இடத்தில் பூட்டினார். பற்றரியை நிரப்ப, வண்டியின் பின்பக்கத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் மூன்று இறக்கைக் காற்றாடி. ஆக, அந்தக் காற்றாடி என் பயத்தில் முளைத்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் தங்கியது ஒரு விவசாயியின் புல்வெளியில். மின்சார இணைப்பு கிடையாது. முதல் நாள் நல்ல காற்று. அவர் மீட்டரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். நான் குளிர்பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, அதைத் திறந்து திறந்து பார்த்தேன்.

"இஞ்சேரும், நீர் திறந்து பாக்கிறதாலதான் அது சூடாகுது."

"பாக்காட்டி எனக்கெல்லோ சூடாகுது."

காற்றாடியைப் பற்றி எவரும் எனக்குச் சொல்லாத ஒன்று — அது பாடும். கம்பம் வழியாக அந்த அதிர்வு வண்டிக்குள் இறங்கும். தகரப் பேணிக்குள் பெரிய வண்டு ஒன்று மாட்டிக்கொண்டது போல. மகள் கண்ணை மூடுவாள், காற்று எழும்பும், அவளும் எழும்புவாள். காதைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

இரண்டாம் நாள் மதியம் நான் பொறுக்க முடியாமல், "ஒரு மணித்தியாலம் நிப்பாட்டுங்கோ, பிள்ளை படுக்கட்டும்" என்றேன். அவர் ஸ்விட்சைத் தட்டினார். இறக்கைகள் நின்றன. மகள் தூங்கிப் போனாள்.

ஒரு மணித்தியாலம் ஆயிற்று. அவர் கதவுக்குள் தலையை நீட்டினார்.

"போடட்டே?"

"ஏலாது. இப்பதான் அயர்ந்தவள்."

இரண்டு... மூன்று... "நல்ல காத்தப்பா, சும்மா வீணாப் போகுது." கையால் விரட்டினேன். அந்த வாரத்தில் அவள் இப்படித் தூங்கியதேயில்லை. நாலு மணித்தியாலம் கழித்து எழும்பி, பசிக்குது என்றாள். எனக்குக் கண் கலங்கியது.

அவள் எழும்பினாள், காற்று படுத்துவிட்டது. கடலைத் தடுக்கும் அணைக்கரையில் மேய்ந்த செம்மறிகளின் மயிர்கூட அசையவில்லை. எங்கள் பற்றரியும் கிழடு. ஐந்து மணிக்கு, மின்சாரம் போதாது என்று குளிர்பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரியை நிரப்பலாமா? நிற்கும் வண்டியில் எஞ்சின் ஓடக் கூடாது என்று விவசாயி வாசலிலேயே எழுதிவைத்திருந்தார். வீட்டுக்கே போய்விடுவோம் என்று நான் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினேன். மருந்தில் இன்னும் ஆறு நாள் மீதம். 'நிப்பாட்டச் சொன்னது ஆர்?' என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

அப்போது கதவில் தட்டல். பக்கத்து வண்டிக்காரர் ஊவே, தாடி வைத்த பெரிய மனிதர். காற்றாடிச் சத்தத்துக்கு முறையிட வந்துவிட்டார் என்று நினைத்து, ஜெர்மனில் ஒரு மன்னிப்பை இலக்கணச் சுத்தமாக மனதுக்குள் கோத்துக்கொண்டேன்.

"நேற்று முழுக்கச் சுற்றியது. இன்றைக்குக் காற்றிருந்தும் நின்றதே... உடைந்துவிட்டதா?" என்றார்.

மன்னிப்பை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையை நீட்டினார்.

"போத்தலைத் தாருங்கள்."

அவருடைய குளிர்பெட்டி எதில் ஓடியது என்று நினைக்கிறீர்கள்? காஸில்தான்.

மிச்ச மூன்று நாளும் எங்கள் மருந்து அவருடைய பியருக்கும் சாசேஜுக்கும் நடுவே சில்லென்று இருந்தது. காலையும் மாலையும் நான் கரண்டியோடு போவேன். என்னிடம் வாயைத் திறக்காத மகள், "டொக்டர் மாமாட்ட போவம்" என்று ஊவேயின் வண்டிக்கு எனக்கு முன்னால் ஓடுவாள்.

வீடு திரும்பி, பத்து நாளையும் முடித்து, டொக்டரிடம் காட்டினோம். காது சுகம். மருந்தாலா, அந்த நாலு மணித்தியாலத்தாலா என்று கேட்டேன். டொக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காஸ் என்றால் இன்னும் பயம்தான், ஊவேயின் பெட்டியைக் கண்ட பிறகும். அதனால் கம்பத்தை வண்டியிலிருந்து கழற்றி, தள்ளி நிலத்தில் நடப் போகிறாராம் இவர். தள்ளினால் சத்தம் குறையும், ஆனால் வயர் நீள நீள வந்து சேரும் மின்சாரமும் குறையும் என்கிறார்.

காற்றாடியோடு முகாம் போகிற அக்காமார், அண்ணைமார் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கோ — எத்தனை மீட்டர் தள்ளி நட வேண்டும்? வயர்க் கணக்கெல்லாம் அவரிடம் இருக்கிறது. எனக்கு வேண்டியது, உங்கள் பிள்ளை தூங்கிய தூரம்.