விருந்தாளிக்காகப் பசித்திருந்த ஊர்

ஐம்பதுகளின் ஆரம்பத்தில், ஒரு மாட்டுப் பொங்கலன்று நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கடலையும் சிற்பங்களையும் பார்க்க வேண்டும் என்று நான் நச்சரித்ததில், என் கணவர் என்னைச் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் அழைத்துப் போனார். மாமியார் மனசு மாறுவதற்குள் பஸ் ஏறிவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினோம்.

கடல் பார்த்தாயிற்று, சிற்பம் பார்த்தாயிற்று. திரும்பும் பஸ்தான் வரவில்லை. பண்டிகை நாளில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்றார் வெற்றிலைக் கடைக்காரர். என் கணவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. வரைபடங்களோடு புழங்குகிறவர் என்பதால் இந்த ஜில்லாவே தமக்கு உள்ளங்கை நெல்லிக்கனி என்று ஒரு நினைப்பு. "கால்வாயைத் தாண்டிக் குறுக்கே நடந்தால் திருக்கழுக்குன்றம் ரோடு. அங்கே வண்டி கிடைக்கும், வா" என்றார். தோணியில் கால்வாயைத் தாண்டினோம். நடந்தோம், நடந்தோம், ரோடு மட்டும் வரவே இல்லை. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டிருந்தது. வயல்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. காலையில் சாப்பிட்ட இட்லி எப்போதோ கரைந்து போய், எனக்குப் பசியில் கண் இருட்டியது.

வெயில் சாயத் தொடங்கியபோது, பனைமரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் தெரிந்தது. ஓலைக் கூரை போட்ட கோயில், அதன் முகப்பில் ஒரு மரச் சிலுவை. கோயிலுக்கு எதிரே மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், கொம்புக்குச் சாயம் பூசிய மாடுகள்கூட இருந்தன. நடுவில் மூடி போட்ட பொங்கல் பானைகள். எங்களைப் பார்த்ததும் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்தார்கள். தெரியாமல் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கைகூப்பிக்கொண்டு ஓடி வந்தார். பாதிரியார் எப்போதாவதுதான் வந்து போகும் அந்த ஊரில், ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் அவர் என்று பிறகு தெரிந்தது.

"வந்துட்டீங்களா சாமி! காலையில இருந்து காத்துகினு கீறோம். வாங்க, நெழல்ல குந்துங்க."

வேறு யாரையோ எதிர்பார்த்து எங்களை அழைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையோடு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து, நான் தடுப்பதற்குள் என் காலைக் கழுவிவிட்டாள். குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடாக இருந்த வருஷம் அது. என் உடம்பு கூசிப்போயிற்று.

கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். மாதா சிலையோ இயேசு சிலையோ இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கே நின்றவர் ஒரு கிழவர். நீண்ட தாடி, ஒட்டிய வயிறு. உடம்பில் நிஜமான பச்சைப் பனை ஓலையில் முடைந்த அங்கி. தோளருகே, அலகில் ரொட்டியைக் கவ்விய ஒரு காகம். வனத்துச் சின்னப்பர் என்றார்கள். எனக்கு ஏனோ கை தானாகவே கும்பிட்டது.

உபதேசியார் ஒரு முறத்தில் வாழையிலை போட்டு, தட்டகலம் இருந்த கேழ்வரகு அடை ஒன்றைக் கொண்டு வந்து எங்கள் முன் வைத்தார். அங்கேதான் சிக்கல். அவர்கள் பண்ணைகளில் கூலி வேலை செய்யும் சேரி ஜனங்கள். நாங்கள் எங்கள் ஊரில் கோயில் மதில் ஓரத்து ஆசாரக் குடும்பம். வெளியே பச்சைத் தண்ணீர் வாயில் பட்டாலே என் மாமியார் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்வார். என் கணவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். சட்டென்று, "நான் இன்னைக்கு விரதம்" என்று சொல்லிவிட்டார். மாமல்லபுரத்தில் போட்ட வெற்றிலையில் உதடு கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. பெண்டாட்டியின் வயிறும் தம் விரதத்தில் அடக்கம் என்பது அவர் கணக்கு.

உபதேசியார் ஒரு கணம் அவரைப் பார்த்தார். "விரதம்னா வற்புறுத்தக் கூடாது சாமி. நல்லா எளப்பாறிட்டுப் போங்க" என்று சொல்லி முறத்தை எடுத்துக்கொண்டார். எழுந்தவர்கள் எல்லோரும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மறுபடி மணலில் உட்கார்ந்தார்கள். ஒரு குழந்தை பானையைக் காட்டி அழுதது. அதன் அம்மா அதைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. காலைக் கழுவிய பெண்ணிடம் மெதுவாக, "ஏன் யாருமே சாப்பிடாம உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். அந்தச் சாமி ஒரு ராஜாவின் கொடுமைக்குப் பயந்து காட்டுக்குள் ஓடியவர். மனித முகமே பாராமல் ஆயுசு முழுக்கக் குகையில் கிடந்தவர். ஒரு காகம் தினமும் அவருக்கு அரை ரொட்டி கொண்டு வந்து போடுமாம். வயசான காலத்தில் அவரைத் தேடி இன்னொரு துறவி வந்தார். அன்றைக்குக் காகம் முழு ரொட்டியோடு வந்ததாம்.

"விருந்தாளி வர்றது காக்காவுக்கே தெரிஞ்சி கீது பாரும்மா. அதனால அவரு திருநாளன்னிக்கு, வெளியூரு ஆளு ஒருத்தரு மொதல்ல சாப்புட்டாத்தான் நாங்க சாப்புடுவோம். ராத்திரியில இருந்து இந்தப் புள்ளைங்கள தவிர யாரு வாயிலயும் தண்ணிகூட படல. அதுங்களுக்கும் வெறும் கஞ்சித்தண்ணிதான்."

"வெளியூர் ஆள் யாரும் வராமப் போனா?"

"எப்பவும் யாராச்சும் வந்துடுவாங்க. வளையல்காரரு வருவாரு, பண்டாரம் வருவாரு. ஒரு வாட்டி போலீஸ்காரரு வந்து பயந்துகினே சாப்புட்டாரு" என்று சிரித்தாள். பிறகு வெயிலைப் பார்த்தாள். "பொழுது எறங்கிட்டா, அல்லாத்தையும் காக்காவுக்கு வெச்சிட்டு வூட்டுக்குப் போயிடுவோம். இந்த வருசம் வூட்டுக்கு ஒரு பிடின்னு எடுத்துப் பொங்குனது. யாரு வந்தாலும் சாப்புடணுமேன்னு கருவாடுகூட சேக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஞ்சத்தில் பிடி பிடியாகச் சேர்த்த சோறு அது. இன்னும் சற்று நேரத்தில் சூரியன் பனைகளுக்குப் பின்னால் போய்விடும். இத்தனை வயிறும் காய்வதற்குக் காரணம், என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வார்த்தை. அதை உடைத்தால் புருஷனை ஊர் நடுவில் பொய்யன் ஆக்கியவள் ஆவேன். சாப்பிட்டால், மாமியார் என்னை வாசற்படி ஏற்றுவாரா என்பதே சந்தேகம். புதுப்பெண் ஒருத்தியைப் பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்ப அந்தக் காலத்தில் இதில் பாதிக் காரணம் போதும். ஆனால் அந்தக் குழந்தை இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது.

எழுந்தேன். "ஐயா, விரதம் அவருக்குத்தான். எனக்கு இல்லை. எனக்கு ரொம்பப் பசிக்கிறது. நான் பெண்பிள்ளை, நான் சாப்பிட்டால் ஆகுமா?" என்றேன்.

என் கணவர் கண்ணாலேயே 'உட்கார்' என்றார். நான் கோயில் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"விருந்தாளிக்கு ஆம்பள பொம்பள இன்னாம்மா கீது?" என்று முறத்தை மறுபடி கொண்டு வந்து வைத்தார் உபதேசியார். "ஆனா நீ மட்டும் பிய்க்கக் கூடாது. முழு ரொட்டி வந்தன்னிக்கு அந்த ரெண்டு கெழவரும் 'நீ பிட்டுக் குடு, நீ பிட்டுக் குடு'ன்னு ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்துகினே பொழுதையே போக்கினாங்களாம். கடைசில ஆளுக்கொரு பக்கம் புடிச்சி இழுத்தாங்க. எங்க வழக்கமும் அதான்."

அடையின் ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் பிடித்தது அந்தப் பெண். அவள் விரல்கள் என் விரல்கள்மேல் பட்டன. இழுத்தோம். உடைந்ததில் ஒரு துண்டைக் கூரைமேல் காகத்துக்கு எறிந்துவிட்டு, என் கையிலிருந்ததை வாயில் போட்டுக்கொண்டேன்.

நான் விழுங்கும் வரை ஒரு சத்தம் இல்லை. பிறகு அந்த ஊர் முழுவதும் ஒன்றாக மூச்சு விட்டது. அதை நான் காதால் கேட்டேன். கிழவிகள் மணலில் முழங்காலிட்டார்கள். யாரும் பானைமேல் பாயவில்லை. குழந்தைகளுக்கு, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, மாடுகளுக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. அவ்வளவு பசியில் அவ்வளவு நிதானத்தை நான் அதுவரை கண்டதில்லை. சற்றுமுன் கும்பிட்ட அந்த ஓலை அங்கிக் கிழவர் உள்ளேதான் நிற்கிறாரா, இவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டாரா என்று இருந்தது.

கிளம்பும்போது அந்தப் பெண் ஓடி வந்து, ஓலைப் பட்டையில் கட்டிய பொங்கலை என்னிடம் கொடுத்தாள். "அவருக்கும்மா. விரதம் முடிச்சிட்டு சாப்புடச் சொல்லு."

அவள் முகத்தில் ஒரு குறும்பு தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"வாயி இம்மாம் செவந்து கீதே, விரதக்காரரு வெத்தல போடுவாரா?"

"அப்புறம் ஏன் யாரும் ஒண்ணும் கேக்கல?"

"காத்துகினு இருந்து வந்த விருந்தாளிய எப்பிடிம்மா தலைகுனிய வெக்கிறது? ஒரு வேள சோறுதான, போனா போவுது" என்றாள்.

எங்களுக்கு வழி காட்ட ஒருவரை அனுப்பினார்கள். ரோடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவர் திரும்பிப் போனதும், அவள் சொன்னதை என் கணவரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த பட்டையை வாங்கிப் பிரித்தார். ரோட்டோரத்தில் நின்றபடியே, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது. வீட்டுக்குப் போனதும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "அம்மா, நாங்க ரெண்டு பேரும் வெளியில் சாப்பிட்டோம்" என்று அவரே சொன்னார். அப்புறம் வீட்டில் நடந்த ரகளை தனிக்கதை. அவர் கடைசி வரை தம் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

கொடுக்கிற கைதான் உசத்தி என்று கேட்டு வளர்ந்தவள் நான். வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்று ஓர் ஊரே பட்டினியாக வெயிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபின், யார் வீட்டிலும் எனக்குப் போட்ட இலையை வேண்டாம் என்று சொல்ல இன்றுவரை எனக்கு நா எழுந்ததில்லை.