இலைக்கு மேல் நீட்டிய கை

வீரமணி சாதம் பரிமாறினால் யார் மறித்தும் பலிக்காது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் தேவிப்ரியா நடத்தும் மெஸ்ஸில் இது தெரியாதவர் இல்லை. சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் கையை நீட்டி, "போதும்பா" என்பார். வீரமணி வாளியோடு அப்படியே நின்று, "கல்வராயன்மலையில மழையாமே?" என்பார். அந்த ஆள் வாசல் பக்கம் திரும்புவார், கை நகரும், ஒரு கரண்டி சாதம் விழுந்துவிடும். எலவனாசூர்கோட்டைக் கல்யாணப் பந்திகளில் தேறிய கை அது. பசியோடு ஒருத்தர் எழுந்தால் பரிமாறினவனுக்குத்தான் அவமானம் என்பது அவர் கட்சி.

விளைவு, எச்சில் இலை டிரம் மதியத்துக்குள் வழியும். பன்றி வளர்க்கும் அஜித் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு அள்ளிப் போவான். தேவிப்ரியாவுக்கு வயிறு எரிந்தது. கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பரிமாறும் ரோபோவை இறக்கினாள். சக்கர வண்டி, மேலே சாதப் பாத்திரம், கரண்டி பிடித்த ஒற்றைக் கை, ஒரு கேமரா. இலைக்கு மேல் யாராவது கை நீட்டினால் "நன்றி" சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடும்.

"ஒரு வாரம் அது போடட்டும்ணா. டிரம் கொறைஞ்சா வாளி இனிமே அதுக்குத்தான். நீங்க கல்லாவுல டோக்கன் கிழிங்க."

"டோக்கனா? நானா?" வாளியைக் கீழே வைக்க வீரமணிக்கு மனசே வரவில்லை.

முதல் நாளே அரிசி மில் ராமசாமி, திருக்கோவிலூரிலிருந்து வந்த புதுச் சம்பந்தியை அழைத்து வந்தார். சம்பந்தி மரியாதைக்கு முதல் கரண்டியிலேயே கையை நீட்டினார். அவரே வேண்டாமென்றபின் தான் மட்டும் வாங்கினால் நன்றாயிருக்குமா என்று ராமசாமியும் நீட்டினார். வண்டி நன்றி சொல்லிப் போயே போய்விட்டது. இரண்டு இலையிலும் ஒரு பிடி சாதம், சுற்றிலும் சாம்பார்.

"இன்னாய்யா வீரமணி, ஒரு கரண்டி போடேன்," என்று ராமசாமி கல்லாப் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"நான் இப்ப டோக்கன் ஆளுங்க. அதோ போய்க்கினு இருக்காரே, அவரக் கேளுங்க." வீரமணிக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

கூட்டம் ஓய்ந்ததும் வேலையாட்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். வண்டி வீரமணிக்கு ஒரு கரண்டி வைத்தது. இரண்டாவதுக்கு, அவரைக் கேட்காமலே அவர் கை இலைக்கு மேல் போய்விட்டது.

"நன்றி."

"டேய், வாடா! சும்மா காட்டுனேன்டா!"

வண்டி திரும்பவில்லை. மெஸ்ஸே சிரித்தது.

"பசிக்குதாண்ணா?" என்றாள் தேவிப்ரியா.

"இல்லம்மா, ரொம்பிடுச்சி."

"சரி, எல எடுத்துடுங்க."

"...மோருக்கு மட்டும் கொஞ்சம்."

அவளே ஒரு தட்டு சாதம் கொண்டுவந்து கொட்டினாள். பாதி சாப்பிட்டபின் வீரமணி மெல்ல ஆரம்பித்தார். "வெறப்பா நீட்டுனா நெஜமாவே போதும்னு அர்த்தம். வெரல் தொங்குச்சின்னா மரியாதைக்கு. ஒங்க மிஷினுக்கு இது தெரியாதும்மா."

"தெரிஞ்சிக்கினேதான் எல்லாருக்கும் கொட்டுனீங்களா?"

வீரமணி மோரைக் கலக்குவதில் மும்முரமானார்.

மறுநாளிலிருந்து சாதத்தை வண்டி சுமக்கிறது, கூடவே வீரமணி நடக்கிறார். விரல் தொங்குகிற கையை மணிக்கட்டில் பிடித்து மெல்ல ஓரமாக நகர்த்துவார், வண்டி சாதம் போடும். விறைப்பான கை பக்கம் போவதில்லை. வார முடிவில் டிரம் பாதிகூட நிறையவில்லை. டோக்கன் கட்டு தேவிப்ரியாவிடமே திரும்பிப் போனது.

அஜித் மட்டும் பின்வாசலில் வழிமறித்தான். "ண்ணா, என் பன்னிங்கள்லாம் எளைச்சிப் போச்சுண்ணா. பழைய மாதிரி அந்த மழையப் பத்திக் கொஞ்சம் பேசுங்களேன்."

வீரமணி கல்லாப் பக்கம் பார்த்தார். தேவிப்ரியா இங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலையில மழையே இல்லடா," என்றார்.