ஐந்தைத் தொடாத சிப்

சேரப்பணஞ்சேரியில் திருமலை வீடு எது என்று கேட்டால், "கம்ப்யூட்டரைத் தொறந்தே வெச்சினு இருப்பாரே, அவரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஐம்பதை நெருங்கும் மனிதர். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் ஏசி பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எந்த இயந்திரத்தையும் இருக்கிறபடி விட அவருக்கு மனம் வராது. வேறு யார் காதுக்கும் கேட்காத ஒரு சத்தத்துக்காக வீட்டு மோட்டாரைக் கழற்றிப் போட்டுத் தன்னைத் தெருவெல்லாம் குடத்தோடு அலைய விட்டவர் என்று மனைவி அமலா இன்றைக்கும் சொல்வாள்.

மகள் கவிப்பிரியா கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது, தான் படிக்கும்போது வைத்திருந்த மேசைக் கணினியை வீட்டிலேயே விட்டுப்போனாள். விற்றுவிடலாம் என்றாள் அமலா. அதற்குள் திருமலை யூடியூபில் ஓவர்கிளாக்கிங் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அதாவது, கணினிக்கு மூளையான சிப்பைக் கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கும் மேலே ஓட்டுவது. வேகம் கூட்டினால் வோல்டேஜ் கூட்ட வேண்டும். வோல்டேஜ் கூடினால் சூடு ஏறும். சூட்டை இறக்குவதுதானே நம் பிழைப்பு என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

மகளின் கணினியில் இருந்த சிப்பில் வேகத்தை மாற்ற வழியில்லை. மாற்றக்கூடியதாக ஒன்று வாங்க, கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினார். மாடி அறையில் குடியிருந்த இசக்கிபாண்டியும் கூடப் போனான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், வேறொரு ஆலையில் வெல்டிங் லைனில் வேலை. கேம் விளையாட அவனும் பாகம் பாகமாக வாங்கி ஒரு கணினி சேர்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் பழைய சிப் இரண்டை நீட்டினார். இரண்டும் ஒரே மாடல். பளபளவென்று இருந்ததைத் திருமலை எடுத்துக்கொண்டு, கீறல் விழுந்ததைப் பாண்டியிடம் கொடுத்தார்.

ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்பது திருமலையின் கணக்கு. வீடியோவில் வருகிற எல்லோரும் அந்த மாடலில் ஐந்தைத் தொட்டிருந்தார்கள். இவருடையது நான்கு புள்ளி எட்டு வரை சமர்த்தாகப் போயிற்று. நான்கு புள்ளி ஒன்பது வைத்துச் சோதனை ஓட்டினால், கொஞ்ச நேரத்தில் திரை நீலமாகி எல்லாம் நின்றுபோகும். ஐந்து வைத்தால் விண்டோஸே எழுந்து வராது.

சிப்பைக் குளிரவைக்கப் பெரிய கூலர் மாட்டினார். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பேஸ்ட்டை வழித்துவிட்டு வேறு பேஸ்ட் தடவினார். கரண்ட் சரியில்லை என்று பவர் சப்ளையை மாற்றினார். கடைசியில் பெட்டியைப் படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஏசிக்கு நேர் எதிரே வைத்து, ஏசியைப் பதினாறில் விட்டார். சித்திரை வெயிலில் அமலா கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரை மறுபடி நீலமானது.

"இன்னாங்க, அது நல்லாத்தான ஓடிக்கினு இருந்துச்சி?" என்றாள்.

"ஓடுது. அஞ்சு வர மாட்டுது."

"அஞ்சு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

திருமலை மறுபடி பவர் பட்டனை அழுத்தினார். அந்தக் கேள்விதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவல் போன ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி வாங்க மாடிக்குப் போனார். பாண்டி கேம் ஆடிக்கொண்டிருந்தான். அவன் பெட்டிக்குப் பக்கவாட்டுத் தகடு கூட இல்லை. ஒரு மேசை ஃபேன் அதன்மேல் காற்றடித்துக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் ஓர் எண் தெரிந்தது. ஐந்து புள்ளி ஒன்று.

"இன்னா தம்பி இது?"

"அதுவா அண்ணாச்சி? பயாஸ் செட்டிங்ல என்னமோ ஒரு பட்டன் கெடந்துச்சு, தட்டிவிட்டேன். நல்லாத்தான் ஓடுது."

திருமலை கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவனைக் கெஞ்சி இரண்டு சிப்பையும் கழற்றி இடம் மாற்றினார். கீறல் விழுந்த சிப் அவருடைய பெட்டியிலும் ஐந்து புள்ளி ஒன்றில் அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. பளபளப்பான சிப் பாண்டியின் பெட்டியிலும் நான்கு புள்ளி ஒன்பதில் நின்றுபோனது. கூலர், பேஸ்ட், பவர் சப்ளை, ஏசி எதன்மேலும் குற்றமில்லை. ஒரே மாடலில் ஒன்று அப்படி அமையும், ஒன்று இப்படி அமையும். அது அவருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் தேர்ந்தெடுத்தது அவர் கை.

"ஒங்களுக்கு அதுதான் வேணும்னா வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. எனக்கு எது கெடந்தா என்ன?" என்றான் பாண்டி.

மனதாரத்தான் சொன்னான். திருமலைக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. "உன் சாமான நீயே வெச்சிக்க தம்பி" என்று பழையபடி மாட்டிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

அந்தக் கோபத்தோடு, கூடாது என்று வீடியோக்களில் எல்லோரும் எச்சரித்த அளவுக்கு வோல்டேஜை ஏற்றினார். விண்டோஸ் எழுந்தது. ஐந்து. சோதனையும் ஓடத் தொடங்கியது. "அமலா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் திரை நீலமாகிவிட்டது.

"இதத்தான் தெனைக்கும் பாக்கறனே" என்று திரும்பிப் போனாள்.

வோல்டேஜில் அடிபட்ட அந்தச் சிப் அதன்பிறகு நான்கு புள்ளி எட்டிலும் நிற்கவில்லை. ஏழில் தள்ளாடியது. கம்பெனி குறித்த வேகத்துக்கே இறக்கிய பிறகுதான் அடங்கியது. போனில் கவிப்பிரியாவிடம் புலம்பினார்.

"அதால எவ்ளோ முடியுமோ அவ்ளோதாம்பா முடியும். சும்மா திட்டாத அத."

"நான் எங்க திட்டனேன்" என்றார். உண்மையில் காலையிலிருந்து திட்டிக்கொண்டுதான் இருந்தார். பெட்டியை ஹாலுக்கே தூக்கிவந்து ஒரு துணியைப் போட்டு மூடினார். அமலா படுக்கையறை ஏசியை இருபத்தாறுக்கு மாற்றினாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் ராத்திரி பாண்டி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான். "ஃபேன் கடகடங்குது அண்ணாச்சி, கொஞ்சம் பாருங்களேன்." திருமலை வேண்டாவெறுப்பாகத்தான் திறந்தார். தூசியைத் தட்டி, உள்ளே இருந்த ஃபேனை மாற்றி, நல்ல பேஸ்ட்டாகத் தடவி மூடினார். சத்தம் போய்விட்டது. அவர் கை பெட்டியை விட்டு வரவில்லை.

"தம்பி, அஞ்சு புள்ளி ரெண்டு வெச்சிப் பாக்கட்டா? வோல்டேஜ தொட மாட்டேன்."

"வச்சிப் பாருங்க. எனக்கென்ன?"

வைத்தார். சோதனை ஓடியது. இருவரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். திடீரென்று திரை நீலமானது.

திருமலை சாய்ந்து உட்கார்ந்தார். பல மாதங்களாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கியதுபோல இருந்தது. இந்தச் சிப்புக்கும் ஓர் எல்லை இருந்தது. கீறலோ பளபளப்போ, அதைத் தாண்டி இதுவும் போகாது. ஐந்து புள்ளி ஒன்றுக்கே இறக்கிவைத்துப் பெட்டியை ஒப்படைத்திருக்கலாம்.

"இரு தம்பி, ரெண்டுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல எதுனா நிக்குதான்னு பாப்போம்" என்றார்.

சாப்பிட வரச் சொல்லி அமலா இரண்டாம் முறையாக இருவரையும் கூப்பிட்டாள். பாண்டி சமையலறைப் பக்கம் திரும்பி, "அக்கா, நான் வேணா சாப்பிடட்டுமா?" என்று கேட்டான். அமலா அவனுக்கு மட்டும் தட்டு வைத்தாள்.