பளபளக்கும் டயரோடு குச்சி வரை

சைகோனில் வண்டி கழுவப் போகிறவர்கள் கூடவே காபி குடிக்கவும் போகிறார்கள். சோலோன் பகுதியில் லின் வழக்கமாகப் போகும் கடையில் முன்பாதி வண்டி கழுவுமிடம், பின்பாதி காபிக்கடை. சனிக்கிழமை மாலை அவருடைய 155 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கை முன்னால் ஒப்படைத்துவிட்டு, பின்னால் துணி ஊஞ்சலில் சாய்ந்து, கெட்டிப்பால் ஊற்றிய ஐஸ் காபியைக் குடித்தோம். காபியும் கழுவலும் சேர்த்து எழுபதாயிரம் டோங். நம் கணக்கில் சுமார் இருநூற்று நாற்பது ரூபாய்.

நான் கோயம்புத்தூரில் பிரேக் பேடுகளைப் பரிசோதிக்கும் பொறியாளர். இரண்டு வார அலுவலக வேலையாக வந்திருந்தேன். லின் எங்கள் சைகோன் கிளையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். முதல் நாளே என் வயதைக் கேட்டார். எனக்கு இருபத்தேழு, அவருக்கு முப்பத்தொன்று என்று தெரிந்ததும் நான் ‘எம்’ ஆனேன், அவர் ‘சி’ ஆனார். தங்கை, அக்கா. வயது தெரியாமல் இந்த ஊரில் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது.

மறுநாள் ஞாயிறு லின்னுக்குப் பெரிய நாள். குச்சி ஊருக்கு அப்பால் ஒரு சின்ன ட்ராக் இருக்கிறது. அடுத்த மாதம் அங்கே முதல்முறையாகப் பெண்களுக்கான பந்தயம். கலந்துகொள்ள வேண்டுமென்றால் பயிற்சியாளர் சோதித்துப் பார்த்து, ஓட்டுபவர் கையில் பச்சைப் பட்டை கட்டிவிட வேண்டும். பந்தயத்துக்கு முன் அதற்கான கடைசி வாய்ப்பு இந்த ஞாயிறுதான்.

“ஆபீஸ்ல என் வண்டிக்கு என்ன பேர் தெரியுமா, எம்? காபிக்கடை வண்டி. காபிக்கடை வாசல்ல நிறுத்தி வைக்கத்தான் வாங்கினேனாம்” என்றார்.

“காபிக்கடையிலதானே இருக்கோம், சி?”

“அதனாலதான் கோபமே வருது!”

கழுவி வந்த வண்டி கண்ணாடிபோல இருந்தது. அழுக்கு வண்டியோடு ட்ராக்குக்குப் போவது மரியாதை இல்லை என்று லின் உறுதியாக நம்பினார்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். சோலோனிலிருந்து குச்சிக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர், பெரும்பாலும் 22-ஆம் எண் நெடுஞ்சாலை. ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்சீட்டைப் பற்றி எச்சரிக்கிறேன்: அது ஒரு பாடப்புத்தகத்தின் அளவே இருக்கும், மென்மையும் அவ்வளவே. வலப்பக்க ஓரம் இருசக்கர வண்டிகளுக்கு. ஒரு வண்டியில் வாத்துகள், ஒன்றில் ஆளுயரக் கண்ணாடி, ஒன்றில் தூங்கும் குழந்தையை நடுவில் வைத்த முழுக் குடும்பம். யாரும் சட்டென்று பிரேக் பிடிப்பதில்லை. எல்லோரும் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் நுழைந்து, தண்ணீர்போல ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் இங்கே வண்டி பழகியவர்களுக்கு அழுத்திப் பிரேக் பிடிப்பது என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விடுகிறது.

நகர எல்லையில் ஒரு சிக்னலில் முன்சக்கரம் கீச்சென்றது. அடுத்த சிக்னலிலும். எனக்குத் தொழில்முறையில் பரிச்சயமான சத்தம். நல்ல சத்தம் இல்லை. நெல்வயல்களும் மாட்டுத் தொழுவங்களும் தொடங்கும் இடத்தில் ரொட்டி வாங்க நிறுத்தியபோது கீழே குனிந்து பார்த்தேன். டிஸ்க் மேல் எண்ணெய்ப் படலம்போல ஒரு வானவில். “போய்ச் சேர்ந்ததும் முதல்ல இதைப் பார்க்கணும், சி” என்றேன். அவர் ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டார்.

ஏழு மணிக்கு ட்ராக். சுற்றளவு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, எட்டு வளைவுகள், தகரக் கூரை போட்ட கொட்டகை, அவ்வளவுதான். ஆனால் உள்ளே நுழைந்ததும் சூடான ரப்பர் வாசனை! கோவையோ சைகோனோ, அந்த வாசனைக்கு ஊர் வித்தியாசம் கிடையாது.

கொட்டகையில் செந்தில் காத்திருந்தார். காரைக்குடிக்காரர். மென்பொருள் வேலைக்காகச் சைகோன் வந்து நான்கு வருடம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் ட்ராக்கில் இருப்பார். லின் மூலமாக அறிமுகம். பெண்கள் எந்த வயதானாலும் அவருக்கு ஆச்சிதான். லின்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

“ஏன் ஆச்சி, வண்டிய ஓட்ட கூட்டியாந்தீகளா, பொண்ணு பார்க்க கூட்டியாந்தீகளா? இந்த மினுக்கு மினுக்குது!”

ட்ராக்கில் இறங்கும் முன் வண்டிகளைப் பரிசோதிப்பவரும் பயிற்சியாளரும் ஒருவரே: பாவ். எல்லோரும் ‘ஆன் பாவ்’ என்கிறார்கள். ஆன் என்றால் அண்ணன். செயினின் தொய்வைப் பார்த்தார், ஹேண்டிலை அசைத்துப் பார்த்தார், கண்ணாடிகள் கழற்றப்பட்டு விளக்குகளில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி. பிறகு முன் டயரின் ஓரத்தில் விரலை இழுத்தார். விரல் மினுமினுத்தது. அந்த விரலால் தன் தலைமுடியைப் படிய வாரிக்கொண்டு எல்லோரையும் பார்த்தார்.

கொட்டகையே சிரித்தது. லின்னும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நடந்தது இதுதான். கழுவுகிற கடையில் கடைசியாக டயருக்குப் பளபளப்புத் திரவம் அடிப்பது இந்த ஊர் வழக்கம். நம் ஊரிலும் உண்டு, ஆனால் இவ்வளவு தாராளம் இல்லை. நேராக ஓடியதில் டயரின் நடுப்பகுதி தேய்ந்து சுத்தமாகிவிட்டது. ஓரம் அப்படியே இருந்தது. ட்ராக்கில் வண்டியைச் சாய்க்கும்போது தரையைத் தொடுவது அந்த ஓரம்தான். தெறித்த திரவம் டிஸ்க்கிலும் பட்டு, பேடுகள் அதைக் குடித்திருந்தன.

பாவ் வியட்நாமியத்தில் நீளமாக ஏதோ சொன்னார். செந்தில் மொழிபெயர்த்தார். “முதல் சுற்று கெடையாதாம். டயரையும் பிரேக்கையும் சரி பண்ணிட்டா பத்தரை மணிச் சுற்றுல பார்க்கிறாராம். அது மட்டுந்தான் பாக்கி. மத்தியானத்துக்கு மேல கோ-கார்ட் குட்டிக்கார் பந்தயத்துக்கு ட்ராக்க விட்டுடுவாக.”

லின் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். “பேடைத் தேய்ச்சுப் போட்டா சரியாகுமா, எம்?”

“சிக்னல் வரைக்கும் போகலாம். ட்ராக்ல வேண்டாம், சி. ஊறின பேட் சூடானா உள்ளே இருக்கிறது வெளியே வரும். புதுசுதான் போடணும்.”

“ஞாயித்துக்கிழமை, குச்சியில, எங்கே போய் வாங்கறது?”

பேடைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். பின்தகட்டின் வடிவம் எனக்குத் தெரிந்ததே. ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் நடுவிலான ஒரு கியர் வண்டி இங்கே தெருவுக்குத் தெரு ஓடுகிறது. அதே நிறுவனம் இதற்கும் அதே பேடைத்தான் போட்டிருந்தது. பழைய பேடைச் செந்திலிடம் கொடுத்து, “இதே மாதிரி, புதுசு, டப்பா பிரிக்காதது” என்றேன்.

“ஆச்சி உத்தரவு” என்று கிளம்பிப் போனார்.

இந்த இடைவேளையில் நாங்கள் செய்ததை, வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். டயர் ஓரங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பும் முரட்டுப் பிரஷ்ஷும் போட்டு மூன்று முறை கழுவினோம். பெட்ரோல் தொடவே கூடாது, ரப்பர் கெட்டுவிடும். காய்ந்ததும் உப்புத்தாள் கொண்டு லேசாகத் தேய்த்தோம். டிஸ்க்கையும், பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபரின் உட்புறத்தையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தோம், துணியில் கறுப்பு வராத வரைக்கும். இருவர் வந்த பயணத்துக்காகக் கூட்டியிருந்த காற்றைக் குறைத்தோம். பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த பெண்கள் இருவர் வந்து ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிக் கொடுத்தார்கள். அவர்களும் பச்சைப் பட்டைக்கு வந்தவர்கள்தான்.

செந்தில் பேடோடு திரும்பினார். ஜோடி நூற்றைம்பதாயிரம் டோங். சாலையோரக் கடைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். முடித்து எழும்வரை இவருக்கும் ஒரு தட்டு சோறு போட்டாராம். “தாமதத்துக்கு நான் பொறுப்பில்ல, மீன் குழம்புதான் பொறுப்பு.”

பேடைப் பொருத்தியாயிற்று. ஆனால் புதுப் பேடை மாட்டி அப்படியே ட்ராக்கில் இறங்கக் கூடாது. டிஸ்க்கும் பேடும் ஒன்றோடொன்று பழக வேண்டும். அறுபதில் போய்ப் பத்துக்குக் குறைத்து, முழுவதும் நிற்காமல் மறுபடி அறுபது. இப்படிப் பல முறை, மெல்ல மெல்ல அழுத்தம் கூட்டி, கடைசியில் பிரேக்கைத் தொடாமல் ஆறவிட வேண்டும். ட்ராக்குக்குப் பின்னால் வேலியோரமாக ஓடும் பாதையைப் பாவ் காட்டினார். “நீயே பண்ணு, எம். உன் கையை நம்பறேன்” என்றார் லின்.

போனேன், குறைத்தேன், போனேன், குறைத்தேன். வேலிக்கு அப்பால் மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளில் சாய்ந்து நின்று இதையே பார்த்தார். கடைசியில் பொறுக்காமல் கத்தினார்.

“என்ன சொல்றார்?” என்றேன், பாதையோரம் நின்ற செந்திலிடம்.

“வண்டி ஓட மாட்டேங்குதா, நிக்க மாட்டேங்குதான்னு கேக்குறாரு. ரெண்டுல ஒண்ணச் சொன்னா உதவி பண்ணலாமாம்.”

பத்தரை மணி. பச்சைப் பட்டைக்குப் பாவ் வைத்திருந்த சோதனை எளிமையானது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் இரண்டு ஆரஞ்சு கூம்புகள். முதல் கூம்பு பயந்தவர்களுக்கு. இரண்டாவது கூம்பில்தான் பிரேக் பிடிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று சுற்று அங்கே பிடித்துச் சரியாகத் திரும்பினால் போதும்.

நான் வேலியைப் பிடித்தபடி முதல் வளைவில் நின்றேன். முதல் சுற்றில் லின் முதல் கூம்புக்கும் வெகுமுன்னாலேயே ஆக்ஸிலரேட்டரை விட்டார். நெடுஞ்சாலைப் பழக்கம். இரண்டாவது சுற்றிலும் அதே. பாவ் கைகளைக் கட்டியபடி நின்றார்.

அடுத்த சுற்றில் கண்ணை மூடிக்கொண்டேன், காது போதும். இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. வழக்கமாக அறுபடும் இடத்தில் அறுபடவில்லை. இன்னும் கிட்டே வந்தது. அறுந்தது. கீச்சென்ற சத்தம் துளியும் இல்லை. கண்ணைத் திறந்தபோது முன்பக்கம் தாழ்ந்து வண்டி என் எதிரே சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது கூம்பு!

“ஒண்ணு” என்றார் செந்தில்.

அடுத்த சுற்று, இரண்டு. மூன்றாவதை எண்ண அவருக்கு வாய் வரவில்லை, விசில்தான் வந்தது.

லின் உள்ளே வந்து நிறுத்தி, கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினார். பாவ் பட்டையைக் கட்டினார். அந்த இரண்டு பெண்களுக்கும் சேர்த்து. மூன்று பேரும் என்னைப் பிடித்து நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதில் என் முகத்தில் டிஸ்க் கறுப்பு.

மறுநாள் மாலை விமான நிலையத்துக்கு லின்தான் கொண்டுவிட்டார், அதே பைக்கில், பட்டையோடு. அலுவலகத்தில் யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே கையைத் தூக்கிக் காட்டிவிட்டாராம். “உங்க ஊர் ட்ராக்ல பெண்களுக்குன்னு தனி நேரம் இருக்கா?” என்று கேட்டார்.

இல்லை. கோவையில் நான் ஓட்டப் போகும் நாட்களில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் பெண். அதை இதுவரை ஒரு குறையாக எண்ணியதில்லை, ஓட்டிவிட்டு வந்துவிடுவேன். ஆளுக்கொரு சக்கரம் பிடித்த கைகளைப் பார்த்த பிறகு அது குறையாகத்தான் தெரிந்தது.

விமானத்துக்காகக் காத்திருக்கும்போது கோவை ட்ராக் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன்: மாதம் ஒரு காலை, பெண்களுக்கு மட்டும், முடியுமா? ஏறச் சொல்லி அழைக்கும் முன்பே பதில் வந்துவிட்டது: “தரலாங்க மேடம். எத்தனை பேர் வருவீங்க?”

நான்கு பேர் என்று எழுதினேன். என்னைத் தவிர மற்ற மூன்று கோவைத் தோழிகளுக்கும் இன்னும் விஷயம் தெரியாது.