தீட்டு வீட்டுத் துளசி

தாணம்மாளின் வீட்டுக்குப் பின்புறம் ஐந்து சென்ட் நிலம் உண்டு. அதில் துளசியும் அரளியும் நிற்கின்றன. கணவர் கோலப்பன் பக்கவாதத்தால் படுத்த ஆண்டிலிருந்து, ஊர்க் கிருஷ்ணன் கோயிலுக்கு அன்றாட மாலைகள் அத்தோட்டத்திலிருந்தே செல்கின்றன. முதியோர் உதவித்தொகை அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் சரியாகிவிடும். மருந்தும், கைகால்களை இயக்கிவிட வரும் ஆதிராவின் கூலியும் மாலை கட்டும் காசிலிருந்துதான்.

அந்த நிலம் கோலப்பனின் தம்பி முருகதாஸின் பங்கு. முப்பது ஆண்டுகளாகப் புனேயில் வாழ்ந்த அவர், அண்ணன் படுத்ததைக் கேட்டதும், "செடி வச்சுப் பொழச்சுக்கிடுங்க மைனி" என்று தொலைபேசியிலேயே விட்டுக்கொடுத்தார்.

மார்கழி நான்காம் நாள் பிற்பகலில், முருகதாஸின் மகன் மகேஷ்குமார் அழைத்தான். அப்பா மாரடைப்பால் இறந்துவிட்டார். அங்கேயே எரியூட்டப்போகிறார்கள் என்றான்.

பங்காளியின் சாவு, பதினாறு நாள் தீட்டு. அந்நாள்களில் அவ்வீட்டுப் பூ கோயிலுக்குள் செல்லலாகாது. செல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தாணம்மாள் அறிவாள். அவளுக்கு முன் மாலை கட்டிய சுனிதா, மாமியார் இறந்தபோது பதினாறு நாள் ஒதுங்கியிருந்தாள். அந்த இடைவெளியில்தான் இவ்வேலை தாணம்மாளுக்குக் கிடைத்தது. பதினேழாம் நாள் பூக்கூடையோடு வந்து நின்ற சுனிதாவை, "இனி அவங்களே மாலை கெட்டட்டும்" என்று பூசை செய்யும் போற்றி திருப்பியனுப்பினார். பக்கத்தில் நின்ற தாணம்மாள் வாய் திறக்கவில்லை.

"போற்றிட்ட சொல்லீரட்டுமா?" என்று இப்போது கணவரைக் கேட்டாள்.

"ஆருட்டயும் சொல்லாத." கோலப்பனுக்கு நா குழறியது. "புனேல நடந்தது இங்க ஆருக்குட்டி தெரியும்?"

"சாமிக்குத் தெரியுமே."

"சாமியா வந்து எனக்கு மாத்திர வாங்கித் தரும்?"

மறுநாள் விடியற்காலையில் குளித்துவிட்டு அவள் துளசி பறித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து கோலப்பனின் அழுகை கேட்டது. நாவைக் காட்டிலும் தொண்டைக்கு வலு மிஞ்சியிருந்தது போலும். ஓடிச் சென்று, தலைமாட்டில் கிடந்த துவர்த்துத் துண்டை அவர் வாயில் வைத்தாள்.

"கடிச்சுக்கிடுங்க. சபிதா காதுல விழுந்துரும்."

சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுச் சபிதாவின் குரல் வந்துவிட்டது. "என்ன மைனி, அண்ணன் விடியக்காலத்தயே கச்சேரி வைக்காரு?"

"காலு பிடிச்சு இழுக்குட்டி. வேற ஒண்ணுமில்ல."

கோயிலில் போற்றி மாலைகளை வாங்கியபடி, அன்றாடம் கேட்பதைக் கேட்டார்.

"வீட்டுல எல்லாருக்கும் சுகந்தானே?"

"சுகந்தான், சாமி."

மாலை கிருஷ்ணனின் கழுத்தில் ஏறியது. தாணம்மாள் கும்பிடாமல் நின்றாள். போற்றி இலைத்துண்டில் சந்தனம் தந்தார்.

வீட்டில், சந்தனம் தொட்ட விரல் நெருங்கியதும் கோலப்பன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தம்பி செத்த வீட்டுல சந்தனமாட்டி?"

"ஆதிரா பத்து மணிக்கு வந்துருவா. நெத்தி வெறுமன கெடந்தா ஏன்னு கேப்பா. அவளுக்குச் சபிதாவோட நல்ல பழக்கம்."

கோலப்பன் கண்களை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பித் தந்தார். நனைந்திருந்த கன்னங்களைத் தாணம்மாள் முந்தானையால் துடைத்தாள். நெற்றியின் நடுவில், வழக்கமான அளவில், சந்தனத்தை வைத்தாள். இன்னும் பதினான்கு நாள்கள் இருந்தன.